தாத்தா காலத்து மடக்குக் கத்தி... 'லிமிடெட் எடிஷன்' உருவாவது எப்படி?

மடக்குக் கத்திக்கும் ரசிகர் கூட்டம் இருக்கு பாஸ்! லாக் இல்லாமல், ஸ்பிரிங் அழுத்தத்திலேயே நிற்கிற பழைய பாணிக் கத்திகளுக்குப் பேர்போனது, அமெரிக்காவின் டைட்டஸ்வில் ஊரில் 2006-ல் தொடங்கிய 'கிரேட் ஈஸ்டர்ன் கட்லெரி'. ரசிகர் குழுக்களுக்காகவே தனி பேட்ச் கத்திகளும் செய்து கொடுத்திருக்கிறது.

உங்க குழுவுக்கும் இப்படி ஒண்ணு வேணுமா? முதல்ல ஓட்டெடுப்பு. பிளேடு ஒண்ணா ரெண்டா, கைப்பிடி எலும்பா மரமா... எல்லாத்தையும் குழுவே முடிவு பண்ணட்டும். இவங்க அதிகம் பயன்படுத்துற 1095 கார்பன் ஸ்டீல், தீட்ட ஈஸி. ஆனா ஈரம் பட்டா துருப்பிடிக்கும். 'துடைச்சு எண்ணெய் தடவணும்'னு முன்னாடியே சொல்லிடுங்க.

அடுத்தது எண்ணிக்கை. ஆர்வத்துல கை தூக்குற எல்லாரும் காசு தர மாட்டாங்க. அட்வான்ஸ் வாங்கிட்டு ஆர்டர் கொடுங்க. இல்லேன்னா மிச்சமாகுற கத்திகள் உங்க தலையிலதான். 'ஆளுக்கு ஒண்ணு'ன்னு கட்டுப்பாடும் வேணும். இல்லேன்னா சிலர் மொத்தமா அள்ளி, கூடுதல் விலைக்கு வித்துடுவாங்க.

கைவேலை அதிகம் என்பதால், மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதுவரை மத்தவங்க பணத்துக்கு நீங்கதான் பொறுப்பு. தாமதமோ, விலை மாற்றமோ, உடனே சொல்லிடுங்க. கத்தி கூர்மையா இருந்தா மட்டும் போதாது. கணக்கும் சுத்தமா இருந்தாதான் அடுத்த முறையும் உங்களை நம்பிப் பணம் தருவாங்க!