குழந்தையுடன் பயணம்: ஜப்பானின் கான்சாய் வட்டாரம் தரும் படிப்பினை

ஒரு நாட்டின் போக்குவரத்து வளர்ச்சியை அளவிடுவோர், இருப்புப்பாதையின் நீளம், வண்டிகளின் வேகம், நாள்தோறும் பயணம் செய்வோரின் தொகை ஆகியவற்றையே பெரும்பாலும் கணக்கில் கொள்கின்றனர். கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி, மூன்று வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்து, பால் புட்டியும் மாற்றுத் துணியும் அடங்கிய பையையும் சுமந்து செல்லும் தாயால் அப்போக்குவரத்தைத் தடையின்றிப் பயன்படுத்த முடிகிறதா என்ற கேள்வி புள்ளிவிவர அட்டவணைகளில் இடம்பெறுவதில்லை. ஆயினும், ஒரு பொதுப் போக்குவரத்து அமைப்பு உண்மையிலேயே எல்லோருக்கும் உரியதா என்பதை அறிய இதைவிடச் சிறந்த சோதனை இல்லை. இச்சோதனையில் ஜப்பானின் கான்சாய் வட்டாரம் கடந்த அரை நூற்றாண்டில் எவ்வாறு முன்னேறியது, எங்கே இன்னும் இடர்ப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரத்தின் அமைப்பு

ஒசாகா, கியோட்டோ, கோபே, நாரா ஆகிய நகரங்களைத் தன்னகத்தே கொண்டது கான்சாய். இவ்வட்டாரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு கோடி. நகரங்களுக்கிடையே உள்ள தொலைவு குறைவு. விரைவு ரயிலில் ஒசாகாவிலிருந்து கியோட்டோவை அடைய ஏறத்தாழ அரை மணி நேரம் போதும்; கோபேயின் மையப் பகுதியான சன்னோமியாவை இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அடையலாம். ஒசாகாவுக்கும் கோபேக்கும் இடையே மட்டும் ஜே.ஆர்., ஹான்கியூ, ஹான்ஷின் என மூன்று நிறுவனங்களின் பாதைகள் ஏறத்தாழ இணையாகச் செல்கின்றன.

பாதைகளின் பெருக்கம் பயணிக்கு வாய்ப்புகளைப் பெருக்குகிறது. அதே வேளையில் அது ஒரு சிக்கலையும் தோற்றுவிக்கிறது. ஒசாகாவின் உமேடா பகுதியில் ஜே.ஆர். நிலையம், ஹான்கியூ நிலையம், ஹான்ஷின் நிலையம், உமேடா, கிழக்கு உமேடா, மேற்கு உமேடா என்னும் மூன்று சுரங்க ரயில் நிலையங்கள் ஆகியவை நிலத்தடி வழிகளால் இணைக்கப்பட்டுள்ளன. தனியே செல்பவர் சில நிமிடங்களில் ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடுவார். குழந்தைத் தள்ளுவண்டியுடன் செல்பவரோ 'லிப்ட்' எனப்படும் மின்தூக்கி எங்குள்ளது என்று தேடி, சுற்றுவழியில் நடந்து, வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும். ரயில் பயணம் இருபது நிமிடமாயினும், வண்டி மாறும் இடமே தாயின் நேரத்தை விழுங்கிவிடுகிறது.

கட்டண முறை

குழந்தைகளுக்கான கட்டண விதிகள் ஜப்பானில் பெரும்பாலும் ஒரே சீரானவை. பள்ளியில் சேரும் வயதே அவற்றின் அடிப்படை. ஜே.ஆர். விதிப்படி 1 வயது நிரம்பாத கைக்குழந்தைக்குக் கட்டணமில்லை. 1 வயது முதல், தொடக்கப்பள்ளியில் சேரும் வரையுள்ள குழந்தைகள், கட்டணம் செலுத்திய பயணி ஒருவருடன் இருவர் வரை இலவசமாகச் செல்லலாம்; மூன்றாவது குழந்தைக்குச் சிறுவர் கட்டணம் உண்டு. 6 முதல் 11 வயது வரையுள்ள தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் குழந்தைக்கெனத் தனி இருக்கை முன்பதிவு செய்தால் மட்டும், பள்ளி வயது எட்டாத குழந்தைக்கும் சிறுவர் கட்டணம் செலுத்த வேண்டும்.

நம் நாட்டு ரயில்வேயிலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. 5 முதல் 12 வயதுக்குட்பட்டோருக்கு அரைக் கட்டண முறை உண்டு. ஆயினும், முன்பதிவுப் பெட்டியில் தனிப் படுக்கையோ இருக்கையோ வேண்டுவோர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆக, கட்டணச் சலுகையைப் பொறுத்தவரை இரு நாடுகளுக்கும் இடையே பெரும் வேறுபாடு இல்லை. வேறுபாடு நிலையத்தின் வாயிலில் தொடங்குகிறது.

படிக்கட்டு என்னும் தடை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய விரைவான வளர்ச்சிக் காலத்தில், ஜப்பானிய நிலையங்கள் கூட்ட நெரிசலைச் சமாளிப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தன. உயர்த்தப்பட்ட பாதைகளும் சுரங்கப் பாதைகளும் பெருகின. அவற்றுடன் படிக்கட்டுகளும் பெருகின. குழந்தையைத் தோளிலும் மடித்த தள்ளுவண்டியைக் கையிலும் தூக்கிக்கொண்டு படியேறுவது தாயின் கடமையாகவே கருதப்பட்டது.

இந்நிலையை முதலில் எதிர்த்தவர்கள் மாற்றுத்திறனாளிகள். சக்கர நாற்காலியில் செல்வோர் எழுபதுகளில் எழுப்பிய கோரிக்கைகளின் பயனாக, ஒசாகா மாநகராட்சிச் சுரங்க ரயிலின் கிரே-உரிவாரி நிலையத்தில் 1980இல் மின்தூக்கி அமைந்தது. ஜப்பானின் சுரங்க ரயில் நிலையங்களில் இத்தகைய வசதி பெற்ற முன்னோடிகளுள் இதுவும் ஒன்று. சக்கர நாற்காலிக்கென அமைந்த மின்தூக்கியில் குழந்தைத் தள்ளுவண்டியும் ஏறிற்று, முதியோரும் ஏறினர். ஒரு சிறு பிரிவினரின் உரிமைக்கென உருவான வசதி, பெரும்பான்மையினரின் அன்றாடத் தேவையை நிறைவேற்றியது.

இதாமி நிலையம்

1995 ஜனவரி 17 அன்று கோபே பகுதியைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தில் ஹான்கியூ நிறுவனத்தின் இதாமி நிலையம் இடிந்து விழுந்தது. அதை மீண்டும் கட்டும்போது, பழைய வரைபடத்தை அப்படியே பின்பற்றாமல், மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் உள்ளிட்ட பயனாளிகளைத் திட்டமிடும் நிலையிலேயே கலந்தாலோசித்தனர். மின்தூக்கியின் அளவு, கழிவறையின் அமைப்பு, வழிகாட்டிப் பலகைகளின் இடம் ஆகியவை குறித்து அவர்களது கருத்துகள் கேட்டறியப்பட்டன. தடையற்ற நிலையத்திற்கு ஒரு முன்மாதிரியாக இதாமி அறியப்பட்டது.

2000ஆம் ஆண்டில் போக்குவரத்துத் தடை நீக்கச் சட்டம் நிறைவேறியது. நாளொன்றுக்கு 5,000க்கு மேற்பட்டோர் பயன்படுத்தும் நிலையங்களில் 2010க்குள் படியற்ற வழி அமைப்பது இலக்காக வகுக்கப்பட்டது. 2006இல் கட்டடங்களுக்கான சட்டமும் போக்குவரத்துக்கான சட்டமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பின்னர் இலக்கின் வரம்பு 3,000 பயணிகளாகக் குறைக்கப்பட்டு, மேலும் பல நிலையங்கள் அதனுள் அடங்கின. எண்ணும் காலமும் குறித்த இலக்கு, அதன்பின் மேலும் விரிந்த இலக்கு என்ற இந்தப் படிமுறை திட்ட அலுவலர்கள் கவனிக்கத்தக்கது.

தள்ளுவண்டியும் பொதுமக்களும்

கருவிகளை அமைப்பது எளிது. பழக்கங்களை மாற்றுவது அரிது. இதற்கு ஹான்கியூ நிறுவனத்தின் அனுபவமே சான்று. 1999 ஏப்ரலில் அந்நிறுவனம் தன் வண்டிகளில் தனி முன்னுரிமை இருக்கைகளை நீக்கி, எல்லா இருக்கைகளுமே முன்னுரிமை இருக்கைகள் என்று அறிவித்தது. முதியோரோ, கருவுற்றவரோ, குழந்தையுடன் வந்தவரோ எங்கு நின்றாலும் அருகில் இருப்பவர் எழுந்து இடம் தர வேண்டும் என்பது அதன் உயர்ந்த நோக்கம். ஆனால், எல்லோருக்கும் உரிய கடமை நடைமுறையில் எவருடைய கடமையுமாக இல்லாது போயிற்று. இருக்கை கிடைப்பதில்லை என்ற முறையீடுகள் எழவே, 2007 அக்டோபரில் தனி முன்னுரிமை இருக்கைகள் மீண்டும் குறிக்கப்பட்டன.

தள்ளுவண்டி குறித்தும் இத்தகைய சர்ச்சை எழுந்தது. நெரிசலான ரயிலில் அதை மடித்துத்தான் ஏற்ற வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் வண்டியையும் பிடித்தவர் ஓடும் ரயிலில் எதைப் பற்றி நிற்பார் என்று மற்றொரு சாரார் கேட்டனர். நிறுவனத்துக்கு நிறுவனம் விதிகள் மாறுபட்டதால் குழப்பம் மிகுந்தது. 2014 மார்ச்சில் நாடு முழுவதற்கும் பொதுவான சின்னமும் நெறிமுறையும் வெளியிடப்பட்டன. அவற்றின்படி ரயிலிலும் பேருந்திலும் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம். அதன் தடையைப் பூட்டிப் பிடித்துக்கொள்வதும் பிறர் வழியை மறிக்காதிருப்பதும் பெற்றோரின் பொறுப்பு. புரிந்துணர்வுடன் இடமளிப்பது மற்றப் பயணிகளின் பொறுப்பு. நகரும் படிக்கட்டில் தள்ளுவண்டியைப் பயன்படுத்தலாகாது என்பதற்கும் தனிச் சின்னம் உண்டு. கருவுற்ற பெண்கள் அணிந்துகொள்ளும் அடையாளச் சின்னம் இதற்கு முன்னரே, 2006இல், அறிமுகமாகியிருந்தது.

பேருந்தும் சைக்கிளும்

கியோட்டோவில் நிலைமை சற்று வேறானது. அந்நகரின் கோயில்களுக்குச் செல்லப் பேருந்தே பெரிதும் பயன்படுகிறது. ஒரே சீரான கட்டணமுள்ள மாநகரப் பேருந்துகளில் பின்வாயிலில் ஏறி, இறங்கும்போது முன்வாயிலில் கட்டணம் செலுத்துவது வழக்கம். சுற்றுலாப் பயணிகளும் அவர்களது பெட்டிகளும் நிறைந்த பேருந்தில், பின்னால் ஏறிய தாய் குழந்தையுடன் முன்வாயிலை அடைவதே பெரும்பாடு. உள்ளூர் மக்களின் இத்துன்பத்தைக் குறைக்கும் நோக்குடன், பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் பயணச்சீட்டின் விற்பனை 2023 செப்டம்பருடன் நிறுத்தப்பட்டது. சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் பொதுவான சீட்டு ஊக்குவிக்கப்பட்டது. 2024 ஜூனில் சுற்றுலாப் பயணிகளுக்கெனத் தனி விரைவுப் பேருந்துகளும் தொடங்கப்பட்டன.

வீட்டிலிருந்து குழந்தைகள் காப்பகத்துக்கும் கடைக்கும் செல்லப் பல தாய்மார்கள் சைக்கிளையே நம்பியுள்ளனர். ஒசாகாவை அடுத்த சாகாய் நகரம் சைக்கிள் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஒரு குழந்தையை முன்னும் மற்றொன்றைப் பின்னும் அமர்த்திச் செல்வது முன்பு விதிக்குப் புறம்பானது. எனினும், வேறு வழியின்றிப் பலரும் அவ்வாறே சென்றனர். தடையை வலியுறுத்துவதோடு நில்லாமல், இரு குழந்தைகளைத் தாங்கும் வலிமையும் உறுதியும் கொண்ட சைக்கிளுக்குத் தரநிர்ணயம் செய்யப்பட்டது. அத்தகைய சைக்கிளில் பள்ளி வயது எட்டாத இரு குழந்தைகளை ஏற்றிச் செல்ல 2009 ஜூலையில் அனுமதி கிடைத்தது. மக்களின் தேவையை ஏற்று, அதைப் பாதுகாப்பானதாக மாற்றுவதும் நிர்வாகத்தின் கடமை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

செலவை ஏற்பது யார்?

பழைய நிலையமொன்றில் மின்தூக்கி அமைக்க நிலம், நிதி, நீண்ட கட்டுமானக் காலம் ஆகிய மூன்றும் தேவை. மின்தூக்கியால் நிறுவனத்தின் வருவாய் கணிசமாகக் கூடுவதுமில்லை. ஆகவே 2021 டிசம்பரில் புதியதொரு கட்டண முறை உருவாக்கப்பட்டது. நிலையங்களைத் தடையற்றவையாக்கும் செலவுக்கெனக் கட்டணத்துடன் ஒரு சிறு தொகையைச் சேர்த்து வசூலிக்க நிறுவனங்கள் அனுமதி பெற்றன. 2023 ஏப்ரல் முதல் கான்சாயில் ஜே.ஆர். மேற்கு, ஹான்கியூ, ஹான்ஷின், ஒசாகா மெட்ரோ உள்ளிட்ட நிறுவனங்கள் ஒரு பயணத்துக்கு 10 யென் கூடுதலாகப் பெறத் தொடங்கின. மாணவர்களின் பள்ளிப் பயண அட்டைகளுக்கு இக்கூடுதல் தொகை இல்லை. மின்தூக்கியைப் பயன்படுத்துவோர் மட்டும் செலவை ஏற்க வேண்டும் என்றில்லாமல், பயணிகள் அனைவரும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது.

இச்செலவுக்கு ஒரு சமுதாயப் பின்னணியும் உண்டு. ஜப்பானில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1989இல் 1.57ஆகக் குறைந்தபோது நாடே அதிர்ந்தது. 2024இல் அது 1.15; அவ்வாண்டில் பிறந்தவர்கள் ஏழு இலட்சத்துக்கும் குறைவு. இதற்குப் போக்குவரத்தே காரணம் என்று எவரும் கூற இயலாது. ஆனால், குழந்தை பிறந்தபின் வீட்டை விட்டு வெளியேறுவதே ஒரு போராட்டம் என்ற நிலை, தாயைத் தனிமைப்படுத்துகிறது. அவரது வேலைவாய்ப்பையும் மருத்துவ வசதியையும் உறவினர் தொடர்பையும் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை.

நமக்குரிய படிப்பினை

ஜப்பானின் கடனுதவியோடு உருவான டில்லி மெட்ரோ, சென்னை மெட்ரோ ஆகியவற்றின் நிலையங்களில் மின்தூக்கிகள் அமைந்துள்ளன. நிலையத்துக்குள் நாம் முன்னேறியிருக்கிறோம். ஆனால், வீட்டு வாயிலிலிருந்து நிலையத்தின் வாயில் வரையுள்ள உடைந்த நடைபாதையும், உயரமான பேருந்துப் படியும், பால் கொடுக்க மறைவிடமில்லாத நிறுத்தமும் அப்படியே இருந்தால், மின்தூக்கியின் பயன் பாதியாகிவிடும். சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியைப் பொறுத்தது.

கான்சாயின் அனுபவம் மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, பயனாளிகளைத் திட்டமிடும் நிலையிலேயே கலந்தாலோசித்தல் வேண்டும். கட்டி முடித்தபின் திருத்துவது செலவு மிக்கது. இரண்டாவது, நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல், யாருக்கு எது உரியது என்பதை விதியும் சின்னமும் தெளிவாகக் கூற வேண்டும். மூன்றாவது, செலவை யார் ஏற்பது என்பதை ஒளிவின்றி மக்கள்முன் வைக்க வேண்டும். அங்கும் பணி நிறைவடையவில்லை. உமேடாவில் மின்தூக்கியின் முன் வரிசை இன்றும் நிற்கிறது. எனினும், அவ்வரிசையில் தள்ளுவண்டியுடன் நிற்கும் தாய் வெளியே வர முடிந்திருக்கிறது என்பதே அரை நூற்றாண்டு முயற்சியின் பயன்.