பில்லில் அச்சான வேண்டாத வரி

கொள்முதல் விலையைப் பெட்டியின் மேல் இரகசிய எழுத்தில் குறித்து வைப்பது வியாபாரிகளின் பழைய வழக்கம். கடையில் நிற்பவருக்கு அது விளங்கும், வாங்க வருபவருக்கு விளங்காது. என் கடைக் கம்ப்யூட்டரோ ஒருநாள் அந்த இரகசியத்தைப் பில்லிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டது. பில்லின் அடியில் 'டெஸ்ட்' என்று ஒரு சொல்லும் பக்கத்தில் ஒரு தொகையும் இருந்தன. நீண்டகாலமாக நம்மிடம் சாமான் எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "நானா, உங்களுக்கு இந்த விலைக்கா விழுது?" என்று சிரித்தார். அன்றே அவருக்கு விலை குறைக்க வேண்டியதாயிற்று.

மென்பொருள் எழுதிய தம்பியை அழைத்து விசாரித்தேன். கணக்கு எங்கே பிழைக்கிறது என்று கண்டுபிடிக்க, இடையிடையே தொகையை வெளியே காட்டும் வரிகளைச் சேர்ப்பார்களாம். பைதன் மொழியில் அதற்குப் 'பிரிண்ட்' என்றும் ஜாவாஸ்கிரிப்டில் 'கன்சோல் லொக்' என்றும் எழுதுவார்கள். பிழையைத் திருத்தியதும் அவற்றை அகற்றிவிட வேண்டும். ஒரு வரியை அவர் மறந்துவிட்டார்.

பல்லாயிரம் வரிகளில் கண்ணால் தேடுவது முடியாத காரியம். தம்பி கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு கட்டளை தட்டினார். அதன் பெயர் 'கிரெப்'. 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் எழுதிய கருவி, இன்றும் பாவனையில் இருக்கிறது. எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் அந்தச் சொல் இருக்கிறது என்று நொடியில் பட்டியல் வந்தது. 'செட்' என்ற இன்னொரு கருவி அந்த வரிகளை அழித்தே விடுமாம்.

"அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்" என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். பில்லை உண்மையாக அச்சிடும் வரியும் அதே சொல்லில் இருக்கலாம். ஒரு கட்டளை மூன்று வரிக்கு நீண்டிருந்தால் முதல் வரி மட்டும் அழிந்து மிச்சம் தொங்கும், மென்பொருள் ஓடாது. ஆகவே முதலில் பிரதி எடுத்து, பிறகு பட்டியலைப் பார்த்து, அதன் பின்தான் அழிக்க வேண்டும். நிரலின் அமைப்பையே வாசித்து எச்சரிக்கும் 'ஈஎஸ்லின்ட்' போன்ற கருவிகளும் உள்ளன. சோதனை வரி ஒவ்வொன்றிலும் ஆரம்பத்திலேயே ஒரு தனி அடையாளம் போட்டு வைத்தால் வேலை இன்னும் இலகு. பழுதான மூட்டையில் சோக்கால் குறியிடுவது போலத்தான்.

பெரிய நிறுவனங்களும் இத்தகைய தவறில் விழுந்திருக்கின்றன. 2018 மே மாதம் டுவிட்டர் நிறுவனம், 330 மில்லியனுக்கும் மேற்பட்ட பாவனையாளர்களைக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டது. மறைத்து வைக்க வேண்டிய கடவுச்சொற்கள் ஒரு பிழையால் உள்ளகப் பதிவேட்டில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. வெளியார் அவற்றை எடுத்ததற்கு அடையாளம் இல்லை என்று அந்நிறுவனம் சொன்னது.

கடைக்கு மென்பொருள் வாங்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். சோதனை வரிகளைத் தேடி அகற்றினீர்களா? வாடிக்கையாளர் விபரமும் கொள்முதல் விலையும் எந்தப் பதிவேட்டிலாவது எழுதப்படுகிறதா? பிறகு பத்துப் பில் அச்சடித்து, கடைசி வரி வரை நீங்களே வாசியுங்கள். நான் அன்று வாசிக்கவில்லை. என் வாடிக்கையாளர் வாசித்தார்.