காசு வேண்டாம் என்பார் கடைக்காரர்: டெஹ்ரான் போய் வந்தவர்கள் கண்டது

மைசூருக்கு வெளியூர் விருந்தினர் வந்தால் நம்மவர்கள் தவறாமல் அழைத்துப் போகும் இடங்களில் ஒன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் பாக். 1784-இல் திப்பு சுல்தான் கட்டிய கோடை மாளிகை. 'தரியா' என்றால் கடல், 'தௌலத்' என்றால் செல்வம், 'பாக்' என்றால் தோட்டம். பெயர் பாரசீகம். திப்புவின் அரசாங்க மொழியும் பாரசீகமே.

அந்த மொழி பேசும் பெருநகரங்களில் முதலிடம் ஈரானின் தலைநகரான டெஹ்ரானுக்கு. அங்கே மத்திய வங்கியின் நிலவறையில் இளஞ்சிவப்பு வைரம் ஒன்று இருக்கிறது. எடை சுமார் 182 காரட். கோல்கொண்டாச் சுரங்கத்தில் பிறந்து, 1739-இல் டெல்லியைச் சூறையாடிய நாதிர் ஷாவோடு பாரசீகம் போன வைரம் அது. அதன் பெயர் 'தரியா-யே-நூர்', அதாவது ஒளிக்கடல். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் படித்த அதே 'தரியா'! மைசூர்க்காரர் ஒருவருக்கு டெஹ்ரான் முற்றிலும் அந்நிய ஊர் அல்ல என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

கதவு திறந்தது, மூடியது

2024 பிப்ரவரி 4-ஆம் தேதி முதல், விமானத்தில் வரும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா தேவையில்லை என்று ஈரான் அறிவித்தது. பதினைந்து நாள் தங்கலாம். அதுவரை வரைபடத்தில் மட்டுமே அந்த ஊரைப் பார்த்திருந்த பலருக்கு இது நல்ல வாய்ப்பாக அமைந்தது. ஆனால் 2025 நவம்பர் 22 முதல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் போய் வந்தவர்களின் அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்தால், நம் மனத்தில் உள்ள டெஹ்ரானுக்கும் அவர்கள் கண்ட டெஹ்ரானுக்கும் வெகு தூரம்.

பாலைவன நகரம் என்று நினைத்துப் போனவர்களை முதலில் வரவேற்றவை மலைகள். நகரின் வடக்கே எல்பூர்ஸ் மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. நகரின் தென்பகுதியே ஏறக்குறைய நம் சாமுண்டி மலை உச்சியின் உயரத்தில் இருக்கிறது. தோச்சால் சிகரமோ 3,900 மீட்டருக்கு மேல். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். குளிர்காலத்தில் பனி கொட்டும். ஸ்வெட்டர் இல்லாமல் போனவர்கள் நடுங்கினார்கள்.

தெற்கே ரயில் நிலையத்தில் தொடங்கி வடக்கே தஜ்ரீஷ் வரை ஒரே சாலை: வலியஸ்ர் தெரு. நீளம் சுமார் 18 கிலோ மீட்டர். இரு பக்கமும் மரங்கள். அவற்றின் காலடியில் மலையிலிருந்து வரும் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள். மைசூரின் மர நிழலில் நடந்து பழகியவர்களுக்கு இந்தத் தெருவை விட்டு வர மனம் வராது. ஆனால் குறுக்கே கடப்பதற்குத் தைரியம் வேண்டும். வண்டிகள் நிற்பதில்லை!

ரியாலா, தோமானா?

பயணிகள் அதிகம் தடுமாறியது பணத்தில்தான். சர்வதேசத் தடைகளின் காரணமாக நம் வங்கி அட்டைகள் அங்கே செல்லுபடியாகவில்லை. கையில் டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டு போனால்தான் உண்டு. அதை மாற்றினால் கட்டுக் கட்டாக ரியால் நோட்டு. கடையில் விலை சொல்வதோ தோமானில். பத்து ரியால் ஒரு தோமான். பல சமயம் 'ஆயிரம்' என்ற சொல்லையும் விட்டுவிட்டு 'ஐம்பது' என்பார்கள். அதன் பொருள் ஐம்பதாயிரம் தோமான், அதாவது ஐந்து லட்சம் ரியால். கணக்குப் போடத் தெரியாமல் நோட்டுக் கட்டை அப்படியே நீட்டி, வேண்டியதைக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு.

அந்தக் கடைக்காரர் முதலில் என்ன சொல்வார் தெரியுமா? 'காபெல் நதாரே' என்பார். 'உங்களுக்கு முன்னால் இது ஒரு பொருட்டே அல்ல. காசு வேண்டாம்' என்று கருத்து. நம்பிப் பொருளை எடுத்துக்கொண்டு நடந்துவிடக் கூடாது! இதற்கு 'தாரோஃப்' என்று பெயர். அவர் வேண்டாம் என்பதும், நாம் வற்புறுத்துவதும், இரண்டு மூன்று முறை நடந்த பின் அவர் பெற்றுக்கொள்வதும் மரியாதை முறை. டாக்சிக்காரரும் இதையேதான் சொல்வார்.

நமக்கு இது புரியாததா என்ன? 'சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்' என்று வீட்டுக்காரர் சொல்வார். 'இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன்' என்று பசியோடு வந்தவர் சொல்வார். மூன்றாம் முறை அழைத்த பிறகு இலை போடுவார்கள். அதே நாடகம்தான். பழக்கம் தெரிந்தவருக்கு அது உபசாரம்; தெரியாதவருக்குச் சங்கடம்.

நாம் பேசும் பாரசீகம்

மொழி தெரியாதே என்று அஞ்சியவர்களுக்கு இன்னொரு வியப்பு. ரசீது, சிபாரிசு, குமாஸ்தா, பந்தோபஸ்து, தஸ்தாவேஜு, பாதாம், பிஸ்தா என்று நாம் அன்றாடம் சொல்பவையெல்லாம் பாரசீகத்திலிருந்தோ அதன் வழியாகவோ வந்தவை. அங்கே 'கம்' என்றால் கம்மி. உணவு விடுதியில் 'செஃபாரெஷ்' கேட்பார்கள். நம் 'சிபாரிசு'தான் அது. அங்கே என்ன சாப்பாடு வேண்டும் என்று சொல்வதைக் குறிக்கிறது.

சாப்பாட்டில் சைவர்களுக்குச் சற்றுக் கஷ்டம். குழம்புகளில் பெரும்பாலும் இறைச்சி உண்டு. கூழாங்கல் மேல் சுட்ட 'சங்கக்' ரொட்டி, பாலாடைக்கட்டி, பச்சைக் கீரை, வால்நட், மசித்த கத்தரிக்காய் என்று சமாளித்தார்கள். நம் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் வசவு விழும். அங்கே பானை அடியில் பொன்னிறமாக முறுகிய சோற்றுக்குத் 'தஹ்திக்' என்று பெயர். விருந்தாளிக்குத்தான் அதில் முதல் பங்கு!

பெண் பயணிகள் தலைத்துணியோடு போனார்கள். தலையை மூடுவது அங்கே சட்டம். ஆனால் 2022 செப்டம்பரில் மாஸா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்து நாடெங்கும் கிளர்ச்சி எழுந்த பிறகு, டெஹ்ரான் பெண்கள் பலர் தலைத்துணி இல்லாமலே தெருவில் நடப்பதை அவர்கள் கண்டார்கள்.

வந்தவர்கள் தந்தது

டெஹ்ரானியரின் உபசாரம் மைசூருக்குப் புதிதல்ல. 1926 முதல் 1941 வரை மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயிலின் பாட்டனார் அலி அஸ்கர், ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து குதிரை வியாபாரியாகப் பெங்களூர் வந்தவர். அவர் பேரர் காலத்தில்தான் கிருஷ்ணராஜ சாகர் அணையின் கீழே பிருந்தாவனத் தோட்டம் உருவாயிற்று. படிப்படியாக இறங்கும் தளங்கள், நடுவே ஓடும் நீர், ஊற்றுகள் எல்லாம் பாரசீகத் தோட்டக்கலையின் வாரிசுகளே. இந்த நூற்றாண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த ஈரானிய மாணவர்களையும் நம் ஊர் வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் நன்கு அறிவார்கள்.

இரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும்

2025 ஜூன் 13-ஆம் தேதி இஸ்ரேலின் தாக்குதல் தொடங்கியது. பன்னிரண்டு நாள் போரில் டெஹ்ரான் மீது குண்டுகள் விழுந்தன. அங்கே படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் நகரிலிருந்து பஸ்களில் வெளியேற்றப்பட்டார்கள். 'ஆபரேஷன் சிந்து' என்ற பெயரில் இந்திய அரசு விமானங்களை ஏற்பாடு செய்தது. முதல் அணியாக 110 மாணவர்கள் ஆர்மீனியா வழியாக டெல்லி வந்து சேர்ந்தார்கள்.

ஆபத்து வானிலிருந்து மட்டும் வரவில்லை. வேலை வாங்கித் தருவதாகவும், ஈரான் வழியாக வேறு நாட்டுக்கு அனுப்புவதாகவும் ஆசை காட்டிய ஏஜெண்டுகளை நம்பிப் போன இந்தியர்கள் சிலர் அங்கே கடத்தப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கப் பணம் கேட்டு மிரட்டினார்கள். விசாச் சலுகை நின்றுபோனதற்குக் காரணமே இதுதான். ஆகவே வெளியுறவு அமைச்சின் அறிவிப்பைப் பார்க்காமல் யாரும் பெட்டி கட்டக் கூடாது. 'விசா இல்லாமலே அனுப்பி வைக்கிறேன்' என்று சொல்லும் ஏஜெண்டு வாசல் படியேறினால், அவருக்குத் தாரோஃப் காட்ட வேண்டியதில்லை!

என்றாலும், ஒரு நகரத்தின் செய்தி வேறு, அதன் மக்கள் வேறு. டெஹ்ரானில் நாள் முழுதும் உழைத்த கடைக்காரரையோ, டிரைவரையோ, தெருக் கூட்டுபவரையோ கண்டால் 'கஸ்தே நபாஷீத்' என்பார்கள். 'களைத்துப் போகாதிருப்பீராக' என்பது பொருள். போய் வந்தவர்கள் பிஸ்தாவோடும் குங்குமப்பூவோடும் கொண்டு வந்த சொல் அது. அதை மைசூரில் சொல்லிப் பழக விசா தேவையில்லை.