பல்வேர்ச் சிகிச்சையில் பாக்டீரியா நீக்கம்: லேசர் ஒளியின் பயனும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

பல்வேர்ச் சிகிச்சையின் வெற்றி, வேர்க்குழாயினுள் குடியேறிய பாக்டீரியாக்களை எந்த அளவுக்குக் குறைக்க முடிகிறது என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது. இதற்கென லேசர் ஒளி மூன்று வேறுபட்ட வழிகளில் பயன்படுத்தப்படுகிறது. அவ்வழிகளின் இயங்குமுறையையும், அவை வேதிக் கழுவுதலுக்கு மாற்றாகாமல் துணையாகவே அமைவதற்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

பல்லின் நடுவே உள்ள பற்கூழ், நரம்புகளும் குருதி நாளங்களும் நிறைந்த மென்திசுவாகும். சொத்தை ஆழ்ந்து பரவும்போது பாக்டீரியாக்கள் இதனை அடைகின்றன. கூழ் அழிந்து, வேர் நுனியைச் சூழ்ந்த எலும்பிலும் அழற்சி தோன்றுகிறது. இந்நோயில் பாக்டீரியாக்களுக்குரிய முதன்மைப் பங்கினை ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் 1965ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு நிறுவினர். நுண்ணுயிரற்ற சூழலில் வளர்ந்த எலிகளின் பற்கூழ், துளையிட்டுத் திறந்துவிடப்பட்ட பின்னரும் ஆறியது; இயல்பான சூழலில் வளர்ந்தவற்றில் அது அழிந்தது.

எனவே வேர்ச் சிகிச்சை என்பது கூழை அகற்றுவதுடன் நிறைவுறுவதன்று; எஞ்சிய பாக்டீரியாக்களை ஒழிப்பதும் அதன் கடமையாகும். ‘லேசர் பாக்டீரியாவைக் கொல்கிறது’ என்னும் கூற்று இவ்விடத்தில்தான் எழுகிறது. சீரொளி எனத் தமிழில் வழங்கும் லேசர் உண்மையில் எவ்வாறு கொல்கிறது என்பது ஆராயத்தக்கது.

பாக்டீரியாக்கள் மறைந்திருக்கும் இடங்கள்

வேர்க்குழாய் நேரான வெற்றுக் குழாயன்று. அது வளைந்தும் கிளைத்தும் செல்கிறது. பீட்டர்ஸ் குழுவினர் 2001ஆம் ஆண்டில் நுண்கணினி வரைவியல் வழியாக மேற்கொண்ட ஆய்வில், குழாய்ச் சுவரின் 35 விழுக்காடும் அதற்கு மேற்பட்ட பரப்பும் கருவிகளால் தீண்டப்படாமல் எஞ்சியது கண்டறியப்பட்டது.

மேலும், பல்லின் உட்பகுதியான டென்டின் முழுவதும் ஏறத்தாழ 1 முதல் 2.5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள் ஓடுகின்றன. பாக்டீரியாக்கள் இவற்றினுள் பல நூறு மைக்ரோமீட்டர் ஆழம்வரை ஊடுருவ வல்லவை. சிகிச்சை தோல்வியுற்ற பற்களில் அடிக்கடி காணப்படும் எண்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் இத்தகையது. வழக்கமான கழுவுநீர்மமாகிய சோடியம் ஹைப்போகுளோரைட்டு, பாக்டீரியாவைக் கொல்வதோடு இறந்த திசுவையும் கரைக்கும். ஆயினும் நுண்குழலின் ஆழத்தை அது முழுமையாக எட்டுவதில்லை. லேசரின் தேவை இந்த இடைவெளியிலிருந்தே பிறந்தது.

மூன்று வழிகள்

முதல் லேசர் 1960ஆம் ஆண்டில் மெய்மனால் இயக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டில் வெய்க்மன், ஜான்சன் ஆகியோர் கார்பன் டை ஆக்சைடு லேசரால் வேர் நுனித் துளையை மூட முயன்றனர். மெல்லிய ஒளியிழைகள் வந்த பின்னரே குழாயின் உட்புறம் ஒளியை எளிதில் கொண்டுசெல்ல இயன்றது.

முதலாவது, வெப்பவழி. 1064 நானோமீட்டர் அலைநீளமுடைய நியோடிமியம்-யாக் லேசரும், 810 முதல் 980 நானோமீட்டர் வரையிலான டையோடு லேசர்களும் இவ்வகையின. இவ்வொளியை நீரும் டென்டினும் குறைவாகவே உறிஞ்சுவதால், அது சுவரைக் கடந்து ஆழமாகச் செல்கிறது; உறிஞ்சப்படும் இடத்தில் எழும் வெப்பம் பாக்டீரியாவைச் சிதைக்கிறது.

இரண்டாவது, ஒளிவேதிவழி. மெத்திலீன் நீலம் போன்ற சாயம் குழாயில் இடப்பட்டு, ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறைந்த ஆற்றல் செவ்வொளி செலுத்தப்படுகிறது. ஒளியேற்ற சாயம், ஆக்சிஜனைக் கிளர்வுற்ற நிலைக்கு மாற்றுகிறது; அந்த ஆக்சிஜனே பாக்டீரியாவின் செல்சவ்வைத் தாக்குகிறது. இதன் மூல உண்மையை ஆஸ்கர் ராப் 1900ஆம் ஆண்டில் அக்ரிடின் சாயத்தையும் பாரமீசியத்தையும் கொண்டு வெளியிட்டார்.

மூன்றாவது, அலைவழி. 2940 நானோமீட்டர் அலைநீளமுடைய எர்பியம்-யாக் லேசரை நீர் மிக வலிமையாக உறிஞ்சுகிறது. கழுவுநீர்மத்தில் நுண்ணொடித் துடிப்புகளாக அது செலுத்தப்படும்போது நீராவிக் குமிழிகள் தோன்றி விரிந்து சுருங்குகின்றன. அதனால் எழும் அழுத்த அலைகள் நீர்மத்தைக் கிளைகளுக்குள்ளும் இடுக்குகளுக்குள்ளும் தள்ளுகின்றன. இங்குக் கொல்வது பெரிதும் நீர்மமே. லேசர் அதனை உந்துகிறது.

ஆக, ஒரே வினைச்சொல்லால் குறிக்கப்படும் செயலுக்கு வெப்பம், ஆக்சிஜன், நீர்மம் என மூன்று கருத்தாக்கள் உள்ளன. ஒன்றின் ஆய்வு முடிவை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

எல்லைகள்

ஒவ்வொரு வழிக்கும் தனித்த எல்லை உண்டு. வெப்பவழியில், வேரின் வெளிப்புற வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்தால் சூழ்ந்துள்ள திசுக்களுக்குத் தீங்கு நேரலாம். ஆகவே ஒளியிழை ஓரிடத்தில் நிற்காமல் சுழன்றவாறே வெளியே இழுக்கப்படுகிறது. மேலும், சாதாரண இழையின் ஒளி பெரும்பாலும் முன்னோக்கியே செல்வதால் பக்கச் சுவர்கள் சீரான ஒளியைப் பெறுவதில்லை. ஒளிவேதிவழியில் சாயம், ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடவேண்டும். எஞ்சிய சாயம் பல்லை நிறமாற்றவும் கூடும். அலைவழியில், வேர் நுனிக்கு அப்பால் நீர்மம் கசியாதவாறு காத்தல் வேண்டும். எவ்வழியாயினும் மருத்துவர், நோயாளி, உதவியாளர் ஆகிய மூவரும் அந்தந்த அலைநீளத்திற்குரிய கண்காப்பை அணிவது இன்றியமையாதது.

ஆய்வகச் சோதனைகள் பல, பிடுங்கப்பட்ட ஒற்றைக்குழாய்ப் பற்களில் ஒரே இனப் பாக்டீரியாவைச் சில நாள்கள் அல்லது சில வாரங்கள் வளர்த்து நிகழ்த்தப்படுபவை. நோயாளியின் பல்லிலோ பல இனங்கள் ஒன்றுகூடி நெடுங்காலம் கட்டிய உயிர்ப்படலம் உள்ளது. ஆதலின், ஆய்வகத்தில் பாக்டீரியா எண்ணிக்கை குறைந்தது என்பது, வேர் நுனிப் புண் ஆறியது என்பதற்கு ஈடாகாது. பின்னதை அறிய ஓராண்டேனும் தொடர்ந்த கதிர்ப்படக் கண்காணிப்பு தேவை.

முடிவுரை

ஒளி, இறந்த திசுவைக் கழுவுநீர்மத்தைப் போலக் கரைத்து வெளியேற்றுவதில்லை, குழாயை வடிவமைப்பதுமில்லை. எனவே கருவியால் துப்புரவு செய்தல், வேதிநீர்மத்தால் கழுவுதல், நுண்கசிவின்றி அடைத்தல் ஆகிய மூன்றும் சிகிச்சையின் அடித்தளமாகவே தொடர்கின்றன. லேசர் அவற்றின் துணை. ‘லேசர் சிகிச்சை’ என்னும் பொதுப்பெயரை ஏற்பதற்கு முன், எந்த அலைநீளம், எந்தப் படிநிலையில், எதனைச் செய்வதற்கு எனக் கேட்பதே நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் பயன்தரும் அணுகுமுறையாகும்.