நொதி இருக்கும் இடமும் உயிரணுப் பிரிவும்

பிறப்பிலிருந்தே கை கால்கள் குட்டையாகவும் தலைமுடி மென்மையாகவும் அடர்த்தியின்றியும் உள்ள குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோர், "சத்துக்குறைவுதான் காரணமா?" என்று எங்களிடம் வினவுவதுண்டு. சிலரிடம் காரணம் உணவில் இல்லை. உயிரணுக்கள் பெருகும் முறையில் உள்ளது. 'குருத்தெலும்பு–முடி வளர்ச்சிக் குறைபாடு' என்னும் அரிய மரபுவழி நோய் அத்தகையது. அதைப் புரிந்துகொள்ள ஈஸ்ட் நமக்கு உதவுகிறது.

இட்லி மாவிலும் ரொட்டியிலும் காணப்படும் ஈஸ்ட் ஒற்றை உயிரணுவால் ஆனது. எனினும், அது பிரியும் ஒழுங்கு பெருமளவு நம் உயிரணுக்களின் ஒழுங்கை ஒத்தது. ஈஸ்டில் தொடங்கிய உயிரணுச் சுழற்சி ஆய்வுகளுக்கு 2001ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உயிரணு பிரியும்போது சில புரதங்கள் 'பிரியத் தொடங்கு' என்று கட்டளையிடுகின்றன. பிரிவு நிறைவடைய வேண்டுமானால் அக்கட்டளை அழிக்கப்பட வேண்டும். புரதத்தை அழித்தால் மட்டும் போதாது, அதைத் தயாரிக்கும் குறிப்பான தூது ஆர்.என்.ஏ-யையும் அகற்ற வேண்டும். ஈஸ்டில் சி.எல்.பி.2 என்னும் தூது ஆர்.என்.ஏ-யை வெட்டுவது 'ஆர்.என்.ஏஸ் எம்.ஆர்.பி.' என்னும் நொதி. வெட்டுண்ட துண்டை வேறொரு நொதி சிதைத்துவிடுகிறது.

இந்த நொதி பெரும்பாலான நேரம் உட்கருவினுள் உள்ள நுண்கருவில் தங்கி, புரத ஆலைகளாகிய ரைபோசோம்களுக்குரிய ஆர்.என்.ஏ-க்களைச் சீரமைக்கிறது. ஆனால் வெட்ட வேண்டிய தூது ஆர்.என்.ஏ இருப்பதோ உட்கருவுக்கு வெளியே. பிரிவின் இறுதிக் கட்டத்தில் இந்நொதி மகள் உயிரணுவில், உட்கருவுக்கு வெளியே ஒரு சிறு புள்ளியாகத் திரள்வதை அமெரிக்காவின் சிரக்யூஸ் நகர ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்டனர். கத்தரிக்கோல் கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது. துணி இருக்கும் மேசைக்கு உரிய நேரத்தில் வந்துசேர வேண்டும். நொதி பழுதுற்ற ஈஸ்டில் அத்தூது ஆர்.என்.ஏ மிகுந்துவிடுகிறது, பிரிவு முடிவடையத் தாமதமாகிறது.

மனிதரிலும் இந்நொதி உண்டு. அதன் ஆர்.என்.ஏ பகுதியை உருவாக்கும் மரபணுவின் மாற்றமே மேற்கூறிய நோய்க்குக் காரணம் என்று 2001ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. எலும்பு நீளும் குருத்தெலும்பு, முடி வேர், நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் ஆகியவை விரைந்து பெருக வேண்டியவை. பாதிப்பு அங்கே வெளிப்படுவதில் வியப்பில்லை.

உயரக் குறைவைவிட நாங்கள் அதிகம் கவலைகொள்வது நோயெதிர்ப்புக் குறைவைப் பற்றியே. இந்நோய் உள்ளதாக ஐயம் எழுந்தால், குடும்பத்தினர் பின்வருவனவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்:

• பி.சி.ஜி., சொட்டு மருந்து, ரோட்டா, தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை இடுவதற்கு முன் நோயெதிர்ப்புத் திறனைப் பரிசோதிக்க வேண்டும். பிற தடுப்பூசிகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது.

• காய்ச்சலையும் சின்னம்மைத் தொடர்பையும் சிறிதென எண்ணாது உடனே தெரிவிக்க வேண்டும்.

• இரத்தசோகை, நீடித்த மலச்சிக்கல், குறையாத நெறிக்கட்டி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இரத்தப் புற்றுநோய் வகைகளின் அபாயம் கூடுதல் என்பதால் தொடர் கண்காணிப்பு அவசியம்.

• தாய், தந்தை இருவரும் நோயற்றவராக இருந்தே மரபணு மாற்றத்தைச் சுமக்கலாம்; அப்போது ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. நெருங்கிய உறவில் மணந்தோரிடம் இருவரும் ஒரே மாற்றத்தைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். அடுத்த கருவுறுதலுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது நலம்.

கருவுற்றிருந்தபோது தாய் உண்டதோ உண்ணாததோ இந்நோய்க்குக் காரணமன்று. ஆகவே எவரையும் குறைகூற இடமில்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் பழைய பரிசோதனை அறிக்கைகளையும் ஒவ்வொரு வருகையிலும் கொண்டுவாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை உங்களுடன் கலந்தே முடிவு செய்வோம்.