சாவிக்கொத்தில் இல்லை மருந்து

நான் ரயில்வேயில் பணியாற்றிய காலத்தில், எங்கள் குடியிருப்பில் ஒரு கைக்குழந்தைக்கு அடிக்கடி வலிப்பு வரும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், மந்திரிப்பார்கள். "தெய்வக் குற்றம்" என்று பேசிக்கொண்டார்கள். பெற்றவளோ குற்றவாளிபோல் தலைகுனிந்து நிற்பாள். என்ன காரணமென்று கடைசிவரை தெரியவில்லை. நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்த எஞ்சினியர். ஓய்வுக்குப்பின் படித்தறிந்ததை நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வலிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அரிதான ஒன்று, பிறவியிலேயே அமையும் அமினோ அமிலக் கோளாறு. பருப்பு, பால், முட்டையிலுள்ள புரதம் உடலில் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றை அடுத்த நிலைக்கு மாற்ற என்சைம்கள் வேண்டும். ஓர் என்சைம் வேலை செய்யாவிட்டால், பாயிண்ட் பழுதான யார்டில் வேகன்கள் தேங்குவதுபோல் அந்த அமிலம் ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும்.

நார்வே நாட்டில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளிடம் வீசிய விநோத வாடைக்குக் காரணம் தேடி அலைந்தார். 1934-இல் டாக்டர் ஃபோலிங் அவர்களின் சிறுநீரைச் சோதித்து, பின்னாளில் ஃபினைல்கீட்டோனூரியா எனப் பெயர் பெற்ற நோயைக் கண்டறிந்தார். தேங்கியது ஃபினைல்அலனின் என்ற அமிலம். கவனிக்காவிட்டால் அறிவு வளர்ச்சி குன்றும். பலருக்கு வலிப்பும் வரும். 1950-களில் இதற்கான பத்திய உணவு வந்தது. 1960-களில் அமெரிக்க டாக்டர் கத்ரி, குதிகாலில் எடுத்த சில சொட்டு ரத்தத்திலேயே நோயைக் கண்டறிய வழி செய்தார். பிறந்த சில நாட்களிலேயே பத்தியம் தொடங்கி, விடாமல் கடைப்பிடித்தால் குழந்தை மற்றவர்போல் வளரும்.

லைசின் என்ற அமிலத்தின் கோளாறால் வரும் ஒருவகை வலிப்பு, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காது. வைட்டமின் பி6-க்கு அடங்கும். இதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

பெற்றோர் இருவரும் நலமாக இருந்துகொண்டே பழுதான மரபணுவைச் சுமக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணக்கும் நம் வழக்கத்தில், இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். பாதி தந்தை வழியில் வந்ததற்குத் தாயை மட்டும் பழிப்பது என்ன நியாயம்?

நம் நாட்டில் எல்லா மருத்துவமனைகளிலும் இச்சோதனை தானாக நடப்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். உறவில் மணந்தவர்களும், குடும்பத்தில் சிசு மரணமோ வலிப்போ கண்டவர்களும் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவையுங்கள். குழந்தைக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். சாவிக்கொத்து பீரோவிலேயே தொங்கட்டும்.