ஆட்கொணர்வு எழுத்தாணை: சொல்லும் பொருளும்

‘ஹேபியஸ் கோர்பஸ்’ என்பது ஓர் இலத்தீன் தொடராகும். ‘ஹேபியஸ்’ என்பது ‘நீ கொண்டிருப்பாயாக’ எனவும், ‘கோர்பஸ்’ என்பது ‘உடல்’ எனவும் பொருள்படும். ‘உடல்’ என்றதும் பிணம் எனக் கருதிவிடாதீர்கள். உயிருள்ள ஆளையே அது இங்கு குறிக்கின்றது. ஆள் + கொணர்வு = ஆட்கொணர்வு என்னும் நமது சொல் மூலத்தை விடத் தெளிவானது எனலாம்.

இடைக்கால இங்கிலாந்தில் நீதிமன்றக் கட்டளைகள் இலத்தீன் மொழியிலேயே எழுதப்பட்டன. ஒருவரை மன்றுக்குக் கொண்டுவருமாறு அதிகாரிக்கு இடப்பட்ட கட்டளையில் இருந்த சொற்களே பின்னர் அதன் பெயராயின. ஆரம்பத்தில் இது கைதியைக் காப்பதற்கென எழுந்ததன்று. வழக்குக்கு ஆளை வரவழைக்கும் வழிமுறை மட்டுமே. காலப்போக்கில், ‘இவரை எச்சட்டத்தின்படி அடைத்து வைத்திருக்கிறீர்?’ எனக் கேட்கும் கருவியாக அது மாறியது. 1679 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்தியது. இங்கு பதில் கூற வேண்டியவர் கைதி அல்லர், தடுத்து வைத்திருப்பவரே என்பதைக் கவனியுங்கள்.

இலங்கையில் இதற்குச் சிறந்த உதாரணம் 1937 ஆம் ஆண்டு பிறேஸ்கேர்டில் வழக்காகும். அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக வந்த இவர், லங்கா சமசமாஜக் கட்சியில் இணைந்து தோட்டத் தொழிலாளருக்காகப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். கைதான அவர் சார்பில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அவசர நிலைமைக்குரிய அதிகாரத்தைச் சாதாரண காலத்தில் பயன்படுத்த முடியாதெனக் கூறி, உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தேசாதிபதியின் கையொப்பமும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்பது அன்று வெளிப்பட்டது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரையின்படி இவ்வெழுத்தாணையை மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கும். 13 ஆவது திருத்தத்தின் பின்னர் மாகாண மேல் நீதிமன்றமும் வழங்கலாம். பரீட்சையில் பலர் இதனை அடிப்படை உரிமை மனுவுடன் குழப்பிக்கொள்கின்றனர். அம்மனு உயர் நீதிமன்றத்துக்குரியது. அதனை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆட்கொணர்வு மனுவுக்கு அரசியலமைப்பு அத்தகைய கால எல்லை விதிக்கவில்லை. தடுத்து வைக்கப்பட்டவர் தாமே வர இயலாதாகையால் உறவினரும் மனுச் செய்யலாம்.

‘அவர் எம்மிடம் இல்லை’ என எதிர்த்தரப்பு மறுத்தால், விசாரித்து அறிக்கையிடுமாறு கீழ் நீதிமன்றமொன்றைப் பணிக்கலாம். 2009 இல் போரின் இறுதியில் சரணடைந்தோரைத் தேடி, உறவினர் வவுனியா மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தவையும் இத்தகைய மனுக்களே.